டிரிபிள் பேச்சில் கலந்துகொள்ள: புதிய ஸ்டார் ட்ரெக் ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், எங்கே தொடங்கினாலும் பேச்சு ஒரு கட்டத்தில் டிரிபிளுக்கு வந்துவிடும். உள்ளங்கையில் அடங்கும் ரோமப் பந்து அது. கண் தெரியாது, கால் தெரியாது. தடவிக் கொடுத்தால் குறுகுறுவென்று முனகும். 1967 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்’ அத்தியாயத்தில்தான் இந்தப் பிராணி முதலில் தலைகாட்டியது. தொடரின் மிகச் சிரிப்பான அத்தியாயங்களைப் பட்டியல் போடச் சொன்னால் இது இல்லாத பட்டியலே இருக்காது.

புதிதாகச் சேர்ந்தவருக்கு இங்கேதான் சங்கடம். யாரோ “கதவை மூடுங்கள்” என்று பாதி வாக்கியம் சொல்வார், கூட்டமே சிரிக்கும், நமக்கு ஒன்றும் புரியாது. அப்படி உட்கார்ந்திருப்பவர் இரண்டு மூன்று மாலைகளில் அந்தப் பேச்சில் தானும் ஒருவராகக் கலந்துகொள்ள என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ரோமப் பந்துகளை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் மிஞ்சுவது ஒரு கிரகத்து மக்களின் சாப்பாடு, இரண்டு வல்லரசுகளின் பங்காளிச் சண்டை, தானியத்தில் கலந்த விஷம். சிரிப்பு அத்தனையும் இந்தக் கனமான அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. இந்த அத்தியாயத்தை “சும்மா ஜாலியானது” என்று சொல்லிக் கடந்துவிடுபவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படி: பார்ப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

மூல ஸ்டார் ட்ரெக் 1966 முதல் 1969 வரை மூன்று சீசன்களில் 79 அத்தியாயங்களாக வந்தது. அத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இது இரண்டாவது சீசனின் 15ஆவது அத்தியாயம். தனியாகவே நிற்கும் கதை.

ஆட்களை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். என்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் கிர்க். அவருடைய அறிவியல் அதிகாரி ஸ்பாக், பாதி மனிதர், பாதி வல்கன் என்ற வேற்றுக்கிரக இனம், உணர்ச்சியைவிட தர்க்கமே பெரிது என்று வாழ்பவர். டாக்டர் மெக்காய் ஸ்பாக்கைச் சீண்டிக்கொண்டே இருப்பார். தலைமைப் பொறியாளர் ஸ்காட்டிக்குக் கப்பல்தான் உயிர். தகவல்தொடர்பு அதிகாரி உஹுரா. இளம் அதிகாரி செக்காவ், உலகத்தில் எதை எடுத்தாலும் அது ரஷ்யாவில் கண்டுபிடித்தது என்று சாதிப்பவர். எதிரணியில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனம்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருந்தால் நல்லது. இதற்கு முந்தைய சீசனில், 1967 மார்ச்சில் வந்த ‘எரண்ட் ஆஃப் மெர்சி’ அத்தியாயத்தில்தான் கிளிங்கான்கள் முதலில் வருகிறார்கள். கிர்க்கின் தரப்பான ஃபெடரேஷனும் கிளிங்கான் பேரரசும் போருக்குக் கிளம்பும்போது, ஆர்கானியர்கள் என்ற பெரும் சக்தி படைத்தவர்கள் குறுக்கே வந்து இருவர் கையையும் கட்டிப்போடுகிறார்கள். அந்தச் சமாதான ஒப்பந்தப்படி, தகராறில் இருக்கும் கிரகம் ஒன்றை யார் திறமையாக வளர்த்துக் காட்டுகிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம். டிரிபிள் கதையில் வரும் ஷெர்மன் கிரகம் அப்படிப்பட்டது. அங்கே விளையக்கூடிய ஒரே பூமித் தானியம் க்வாட்ரோடிரிட்டிகேல். அது கே-7 என்ற விண்வெளி நிலையத்தின் கிடங்கில் காத்திருக்கிறது. இவ்வளவுதான் முன்கதை.

இரண்டாம் படி: எந்தப் பதிப்பு, எப்படிப் பார்ப்பது

இரண்டு பதிப்புகள் சுற்றுகின்றன. ஒன்று 1967இல் வந்தபடியே உள்ளது. மற்றது 2006க்குப் பிறகு படத்தைத் துடைத்துத் தெளிவாக்கி, விண்வெளிக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்தது. புதுப்பதிப்பில் கிளிங்கான் போர்க்கப்பல் நிலையத்துக்கு அருகே நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். பழையதில் அந்தக் கப்பல் வெறும் பேச்சில்தான் வரும், திரையில் வரவே வராது.

முதல் முறை பழையதைப் பாருங்கள் என்பேன். காட்டாத கப்பலை நடிகர்களின் முகத்தை வைத்தே நம்ப வைத்திருக்கிறார்கள். அந்தச் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். நிலைய மேலாளர் லரியின் அறை ஜன்னல் வழியே தூரத்தில் என்டர்பிரைஸ் தெரியும். அது கடையில் விற்ற பொம்மைக் கப்பல் கிட்டை ஒட்டிச் செய்தது. ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்துக் கைகாட்டுவதில் ஒரு தனி சந்தோஷம் காண்பார்கள்.

ஓட்டம் சுமார் 50 நிமிடம். நிறுத்தாமல் பாருங்கள், முடிந்தால் துணைக்கு ஒருவரோடு. ஆங்கிலம் வேகமாக ஓடுவதாகத் தோன்றினால் திரையில் வசன எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. சிரிப்பில் பாதி வசனத்தில் இருக்கிறது.

இனி வருவது கதையை உடைத்துப் பேசும் பகுதி. இன்னும் பார்க்கவில்லை என்றால் இங்கேயே மூடிவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம் படி: இரண்டாம் முறை, மூன்று நான்கு இடங்களில் மட்டும்

ரசிகர்களோடு பேசும்போது மொத்தக் கதையையும் ஒப்பிப்பதால் பயனில்லை. ஒரு காட்சியை நெருங்கிப் பார்த்துவிட்டுப் போனால் உங்கள் பேச்சை நின்று கேட்பார்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் இடங்கள் இவை.

முதலாவது, ஸ்பாக்கின் கை. கப்பலின் பொழுதுபோக்கு அறையில் உஹுரா தன் டிரிபிளை மேசைமேல் வைத்திருக்கிறாள். அதன் முனகல் மனித நரம்புகளை அமைதிப்படுத்துகிறது, நல்லவேளையாக எனக்கு அந்தப் பாதிப்பு இல்லை என்று ஸ்பாக் அறிவிக்கிறார். அறிவித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை டிரிபிளைத் தடவிக்கொண்டே இருக்கிறது. லியனார்ட் நிமோய் முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. சுற்றியிருப்பவர்கள் பார்ப்பது தெரிந்ததும்தான் அதைக் கீழே வைக்கிறார். இந்த ஒரு நிமிடத்தை வைத்து நடிப்பைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

அடுத்து, சாராயக் கடைச் சண்டையும் அதற்குப் பிந்திய விசாரணையும். கோராக்ஸ் என்ற கிளிங்கான், கேப்டன் கிர்க்கைக் கண்டபடி திட்டுகிறான். செக்காவ் எழுகிறான், ஸ்காட்டி அவனைப் பிடித்து உட்கார வைக்கிறார். அடுத்து கோராக்ஸ் என்டர்பிரைஸ் கப்பலைக் குப்பைத் தோணி என்கிறான். உடனே முதல் குத்து ஸ்காட்டியிடமிருந்து வருகிறது. சண்டை நடக்கும்போது டிரிபிள்களைக் கொண்டுவந்து விற்ற சிரானோ ஜோன்ஸ் என்ற நாடோடி வியாபாரி மேல் கண் வையுங்கள். சுற்றிலும் நாற்காலிகள் பறக்க, அவர் பாட்டுக்கு ஒவ்வொரு கோப்பையாக ஊற்றிக் குடித்தபடி நடுவில் நடந்துகொண்டிருப்பார்.

அதன்பின் கப்பலில் கிர்க் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, யார் ஆரம்பித்தது என்று கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டு ஸ்காட்டியிடம் தனியாகக் கேட்கும்போதுதான் உண்மை வருகிறது. என்னை அவ்வளவு திட்டியபோது அடித்தாயா என்று கிர்க் கேட்க, இல்லை சார், அதற்கெல்லாம் சண்டை போட வேண்டாமே என்று நினைத்தேன் என்கிறார் ஸ்காட்டி. கப்பலைச் சொன்னதும்தான் பொறுக்கவில்லை, அது மானப் பிரச்சினை என்கிறார். வில்லியம் ஷாட்னரின் முகத்தை இங்கே பாருங்கள்: கொஞ்சம் கோபம், கொஞ்சம் மனத்தாங்கல், தன்னைவிடக் கப்பலுக்கு மதிப்பு அதிகம் என்று புரிந்துகொண்ட ஒரு தடுமாற்றம். தண்டனையாக அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்கிறார். ஸ்காட்டி மனமார நன்றி சொல்கிறார், தொழில்நுட்பப் பத்திரிகைகள் படிக்காமல் குவிந்து கிடக்கின்றனவாம். இந்த ஆட்கள் ஒருவருக்கொருவர் யார் என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சி தொடர் முழுவதிலும் குறைவு.

மூன்றாவது, கிடங்குக் கதவு. இதைக் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்வேன். கிர்க் தலைக்கு மேலிருக்கும் கதவைத் திறக்கிறார். டிரிபிள்கள் அருவி மாதிரி கொட்டி அவரை மார்பளவுக்குப் புதைக்கின்றன. ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று ஒருவர், லட்சக்கணக்கில் என்று இன்னொருவர். ஸ்பாக் மட்டும் ஒரே எண்ணைச் சொல்கிறார்: 17,71,561.

எப்படி வந்தது? கணக்கையும் அவரே சொல்கிறார். ஒரே ஒரு டிரிபிளில் தொடங்குகிறோம். ஒரு ஈற்றுக்குச் சராசரி பத்துக் குட்டி. 12 மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை. மூன்று நாள். ஆக ஆறு தலைமுறை. தாயும் பத்துக் குட்டியும் சேர்ந்து பதினொன்று. எனவே ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை 11 மடங்காகிறது. 11, 121, 1,331, 14,641, 1,61,051, கடைசியில் 17,71,561. பதினொன்றின் ஆறாம் அடுக்கு. எழுதிப் பார்த்தால் அச்சொட்டாக வருகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பேச்சுக்கு நல்ல தீனி. ஸ்பாக்கின் கணக்கில் தாய் டிரிபிள் ஒருமுறை ஈன்றதோடு நிற்பதில்லை. உயிரோடிருக்கும் அத்தனையும் 12 மணிக்கொருமுறை ஈன்றுகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே முறைதான் ஈனும் என்று வைத்துப் போட்டால் மொத்தம் 11,11,111தான் வரும். அதாவது மெக்காய் முன்பே கண்டுபிடித்ததை, இவை பிறக்கும்போதே கர்ப்பமாகப் பிறக்கின்றன என்பதை, ஸ்பாக் எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டார் என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நகைச்சுவை அத்தியாயத்தில் ரசிகர் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய கணக்கை வைத்த எழுத்தாளரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அதே காட்சியில் இன்னொன்று: கொட்டி முடிந்த பிறகும் ஒவ்வொரு டிரிபிளாகக் கிர்க் தலைமேல் விழுந்துகொண்டே இருக்கும். படப்பிடிப்பில் மேலே நின்ற ஆட்களுக்குக் கீழே எவ்வளவு விழுந்தது என்று தெரியாது, அதனால் எறிந்துகொண்டே இருந்தார்கள். ஷாட்னர் அதை வாங்கிக்கொண்டே வசனம் பேசுகிறார். முதலில் சிரானோ ஜோன்ஸைப் பிடியுங்கள், இரண்டாவது, அந்தக் கதவை மூடுங்கள். கூட்டம் சிரித்த பாதி வாக்கியம் இதுதான்.

நேரமிருந்தால் லரியின் அறையில் நடக்கும் கடைசி விசாரணையையும் மறுபடி பாருங்கள். மனிதர்களிடம் முனகும் டிரிபிள் கிளிங்கானைக் கண்டால் கிறீச்சிடும். அதை ஒவ்வொருவர் அருகிலும் கிர்க் கொண்டுபோகிறார். எல்லோரையும் எரிச்சல்படுத்திய, தானியத்துக்குப் பொறுப்பான அதிகாரி பாரிஸிடம்கூட அது முனகுகிறது. அவருடைய உதவியாளர் டார்வினிடம் போனதும் கிறீச். மெக்காய் கருவியை ஓட்டிப் பார்த்து, இதயத் துடிப்பு சரியில்லை, உடல் வெப்பமும் சரியில்லை, இவன் கிளிங்கான் என்று முடிக்கிறார்.

நான்காம் படி: பின்னணியில் கொஞ்சம்

எழுதியவர் டேவிட் ஜெரால்ட். ஒளிபரப்பானபோது வயது 23. தொழில்முறையாக அவர் விற்ற முதல் கதை இதுதான். இயக்கியவர் ஜோசஃப் பெவ்னி. கதைக்குத் தூண்டுகோல் ஆஸ்திரேலிய முயல்கள். 1859இல் விக்டோரியாவில் வேட்டைக்காக இரண்டு டஜன் காட்டு முயல்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இயற்கையான எதிரி போதாமல் அவை கண்டம் முழுக்கப் பெருகிப் பயிரையும் புல்லையும் தின்று தீர்த்தன. அழகான ஒரு பிராணியை அதன் இடத்திலிருந்து பிடுங்கி வேறிடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் ஜெரால்டின் கேள்வி. ஸ்பாக்கும் கதையில் இதே குற்றத்தைத்தான் சிரானோ ஜோன்ஸ் மேல் சுமத்துகிறார்: எதிரிகள் இருந்த சூழலிலிருந்து எடுத்து, தின்னக் கிடைக்கும் இடத்தில் விட்டுவிட்டாய் என்று.

க்வாட்ரோடிரிட்டிகேல் கற்பனைதான். ஆனால் டிரிட்டிகேல் நிஜம். கோதுமையையும் ரை தானியத்தையும் கலந்து உண்டாக்கியது, இன்றும் பயிராகிறது. அதன் வேர் இருபதாம் நூற்றாண்டுக் கனடாவில் என்று ஸ்பாக் சொல்ல, செக்காவ் அது ரஷ்யக் கண்டுபிடிப்பு என்று முடித்துவிடுவான்.

ஹைன்லைன் விவகாரத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், யாராவது கட்டாயம் எடுப்பார்கள். ராபர்ட் ஹைன்லைன் 1952இல் வெளியிட்ட ஒரு நாவலில் செவ்வாய்க் கிரகத்துத் தட்டைப் பூனைகள் இதே மாதிரி முனகி, இதே மாதிரிப் பெருகி, ஒரு விண்கலத்தை நிறைக்கும். தயாரிப்புத் தரப்பு இதைக் கவனித்து ஹைன்லைனிடமே கேட்டது. அவர் தடை சொல்லவில்லை. கையெழுத்திட்ட திரைக்கதைப் பிரதி ஒன்றை மட்டும் கேட்டார். திருட்டு என்று குரலை உயர்த்துபவரிடம் இதைச் சொன்னால் போதும், பேச்சு அமைதியாக மேலே போகும்.

பொம்மைகளை வடிவமைத்தவர் வா சாங். சுமார் 500 டிரிபிள்களைச் செயற்கை ரோமத்தில் தைத்தார்கள். நகரும் ஒரு சிலவற்றுக்குள் நடக்கும் நாய்ப் பொம்மையின் இயந்திரம் இருந்தது. அப்புறம், கப்பலை ஓட்டும் சூலு ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: அந்த வேடத்தில் நடித்த ஜார்ஜ் டகேய் அப்போது ஒரு திரைப்படப் படப்பிடிப்பில் இருந்தார், அதனால் செக்காவுக்கு வேலை கூடியது. அந்த வாய்ப்பைச் செக்காவாக நடித்த வால்டர் கேனிக் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.

அறிவியல் புனைகதைக்கான 1968 ஹ்யூகோ விருதில் நாடக வடிவப் பிரிவின் ஐந்து இறுதிப் போட்டியாளர்களும் ஸ்டார் ட்ரெக் அத்தியாயங்களே. டிரிபிள்களும் அதில் ஒன்று. விருது ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ அத்தியாயத்துக்குப் போனது. ஒரு நகைச்சுவை அந்தச் சோகக் கதையோடு ஒரே வரிசையில் நின்றது என்பதே எனக்குப் பெரிது.

ஐந்தாம் படி: பழைய சண்டைகள்

ஒவ்வொரு ரசிகர் கூட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும் வாதங்கள் சில உண்டு. தயாராகப் போனால் நல்லது.

நகைச்சுவை தொடரைக் கெடுத்ததா? தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரிக்குச் சிரிப்பு அளவு மீறுகிறது என்ற கவலை இருந்தது. தயாரிப்பாளர் ஜீன் கூன் அதை விரும்பி வளர்த்தவர். இரண்டு பக்கத்துக்கும் இன்றுவரை ஆள் இருக்கிறார்கள். நான் கூன் பக்கம். இந்தக் கதையில் யாரும் சிரிக்க வைக்க வேண்டும் என்று நடிக்கவில்லை. பாரிஸுக்குத் தானியம் உயிர்ப் பிரச்சினை, ஸ்காட்டிக்குக் கப்பல், கிர்க்குக்குத் தன் சாண்ட்விச்சும் காபியும். அந்தத் தட்டில் டிரிபிள்கள் உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்கும்போது நமக்குச் சிரிப்பு; அவருக்கோ அவை காற்றுக் குழாய் வழியே உணவு இயந்திரத்துக்குள் புகுந்துவிட்டன என்பதும், நிலையத்திலும் அதே மாதிரி குழாய்கள் உண்டு என்பதும் உறைக்கும் நொடி அது. கதை முன்னகர்வதே அந்தச் சிரிப்பு வழியாகத்தான்.

பாரிஸ் தப்பா? இந்த வாதம் அதிகம் எழுவதில்லை, நீங்கள் எழுப்புங்கள். பாரிஸ் கர்வம் பிடித்தவர், அவசர அழைப்பைத் தவறாகப் பயன்படுத்தியவர், எல்லாம் சரி. ஆனால் தானியத்துக்கு ஆபத்து என்றார், ஆபத்து இருந்தது. கிளிங்கான் உளவாளி இருப்பான் என்றார்; இருந்தான். ஆளைத்தான் தவறாகக் காட்டினார்: சிரானோ ஜோன்ஸ் என்று சந்தேகப்பட்டார், உளவாளியோ அவர் தோளுக்கு அருகிலேயே நின்றான். கிர்க் அவரை எடுத்தெறிந்து பேசியது நியாயமா என்பதை யோசித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம்: கிர்க்கின் ஆட்கள் காவல் காத்தது நஞ்சு கலந்த தானியத்தை. அதில் இருந்த வைரஸ், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் செய்துவிடும். வயிறு நிறையத் தின்ற டிரிபிள்கள் பட்டினியில் செத்தன. அவை கிடங்குக்குள் புகுந்திராவிட்டால் ஷெர்மன் கிரகத்தில் குடியேறியவர்கள் அப்படிச் செத்திருப்பார்கள். தொல்லை என்று எல்லோரும் விரட்டிய பிராணிதான் ஒரு கிரகத்தைக் காப்பாற்றியது.

முடிவு கொடூரமா? கப்பலிலிருந்த டிரிபிள்கள் அத்தனையையும் ஸ்காட்டி கிளிங்கான் கப்பலின் என்ஜின் அறைக்கு அனுப்பிவிடுகிறார். கிளிங்கான்கள் அவற்றை என்ன செய்திருப்பார்கள் என்று கவலைப்படும் ரசிகர்கள் இருக்கிறார்கள், அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். இதற்குப் பதில் 1996 அத்தியாயத்தில் வருகிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

நெற்றிச் சண்டையும் உண்டு. இந்த அத்தியாயத்துக் கிளிங்கான்களின் நெற்றி வழுவழு. 1979இல் முதல் திரைப்படம் வந்தபோது மேடு பள்ளத்தோடு வந்தார்கள். ஏன் என்பதற்கு 2005இல் ‘என்டர்பிரைஸ்’ தொடர் ஒரு வைரஸ் காரணத்தைக் கொடுத்தது. இந்த விஷயத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள் என்பது என் ஆலோசனை. 60களில் ஒப்பனைக்குப் பணம் இல்லை, அவ்வளவுதான்.

ஆறாம் படி: அடுத்து எதைப் பார்ப்பது

நேராக 1996 நவம்பர் 4 அன்று வந்த ‘டிரையல்ஸ் அண்ட் டிரிபிளேஷன்ஸ்’ அத்தியாயத்துக்குப் போங்கள். ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில், ஸ்டார் ட்ரெக்கின் முப்பதாம் ஆண்டுக்காக எடுத்தது. கேப்டன் சிஸ்கோவும் குழுவும் காலத்தில் பின்னோக்கிப் போய்ப் பழைய அத்தியாயத்துக்குள்ளேயே நுழைகிறார்கள். 1967 காட்சிகளில் புதிய நடிகர்களைச் சேர்த்து, பழைய தளங்களை மறுபடி கட்டி எடுத்திருக்கிறார்கள். டார்வினாக நடித்த சார்லி பிரில், 29 வருடம் கழித்து அதே வேடத்தில் வயதானவராக வருகிறார். கிர்க் தலைமேல் விழுந்துகொண்டே இருந்த டிரிபிள்கள் நினைவிருக்கிறதா? கிடங்குக்குள் சிஸ்கோவும் அவர் குழுவின் டாக்ஸும் உட்கார்ந்து, டார்வின் ஒளித்துவைத்த வெடிகுண்டு எதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியே எறிகிறார்கள். தளத்தில் தற்செயலாக நடந்ததற்குக் கதைக்குள்ளேயே காரணம் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு அன்போடு எழுதப்பட்ட ஆண்டு விழா அத்தியாயத்தை நான் வேறு தொடரில் பார்த்ததில்லை.

கிளிங்கான்கள் டிரிபிள்களை என்ன செய்தார்கள் என்பதற்குச் சிஸ்கோ குழுவில் இருக்கும் கிளிங்கான் வோர்ஃப் அதில் பதில் சொல்கிறார்: வேட்டையாடி, அவற்றின் கிரகத்தையே அழித்துவிட்டார்களாம். பெருமையாக அவர் சொல்ல, அந்த மகத்தான வேட்டையைப் பற்றி இன்னும் பாட்டுப் பாடுகிறார்களா என்று அதே குழுவின் ஓடோ கேட்பார். நெற்றியைப் பற்றிக் கேட்டால், வோர்ஃப் வெளியாரோடு அதைப் பேசுவதில்லை என்று முடித்துக்கொள்வார். கூட்டத்தில் ஒருவராக டேவிட் ஜெரால்டும் வருகிறார்; கண்டுபிடியுங்கள்.

1973 அக்டோபர் 6 அன்று வந்த அனிமேஷன் அத்தியாயம் ‘மோர் டிரிபிள்ஸ், மோர் டிரபிள்ஸ்’ ஜெரால்டே எழுதியது. சிரானோ ஜோன்ஸ் திரும்பி வருகிறார். இந்த முறை டிரிபிள்கள் பெருகாமல் பருக்கின்றன, அதாவது ஒவ்வொன்றும் ஊதிப் பெரிதாகிறது. சின்னக் குழந்தைகளோடு பார்க்க ஏற்றது. 2019இல் வந்த குறும்படம் ‘தி டிரபிள் வித் எட்வர்ட்’ வேறு ரகம். டிரிபிள் வேகமாகப் பெருகுவதற்கு ஒரு விஞ்ஞானியின் மரபணு விளையாட்டே காரணம் என்று அது சொல்லும். கறுப்பு நகைச்சுவை, ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இயற்கை அதன் போக்கில் பெருகியது, மனிதன் இடம் மாற்றியதுதான் கேடு என்ற முதல் கதையின் சத்து அதில் போய்விடுகிறது.

மூலத் தொடரிலேயே சிரிக்க வேண்டும் என்றால் ‘ஐ, மட்’, ‘எ பீஸ் ஆஃப் தி ஆக்‌ஷன்’, ‘ஷோர் லீவ்’ மூன்றும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது 1966 டிசம்பர் 29, டிரிபிள்களுக்குச் சரியாக ஒரு வருடம் முன்பு வந்தது.

ஏழாம் படி: பேசும்போது

இன்னும் பார்க்காதவர் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். 1967 கதைதானே என்று டார்வின் யார் என்பதைப் போட்டு உடைக்காதீர்கள். முதல் முறை அந்தக் கிறீச் சத்தத்தைக் கேட்கும் சுகம் அவருக்கும் கிடைக்கட்டும்.

டிரெக்கி என்ற பெயரைப் பெருமையாக ஏற்பவர்களும் உண்டு, டிரெக்கர் என்றால்தான் மரியாதை என்பவர்களும் உண்டு. எதிரில் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே நீங்களும் சொல்லுங்கள். பழைய தளம், பழைய பொம்மை என்று கேலி பேசித் தொடங்க வேண்டாம். சிறு வயதிலிருந்து இதை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் அங்கே இருப்பார்கள்.

நான் ஒரே ஒரு அத்தியாயம்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். மூத்த ரசிகர்களுக்கு அதைவிட உற்சாகம் தரும் சொல் கிடையாது. ஆளுக்கொரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

கையோடு ஒரு கேள்வி கொண்டுபோங்கள். நிலையத்தில் இருக்கும் டிரிபிள் ஒவ்வொன்றையும் தன் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும் என்று சிரானோ ஜோன்ஸுக்குக் கிர்க் தண்டனை கொடுக்கிறார், 17.9 வருடம் ஆகும் என்று ஸ்பாக் கணக்குச் சொல்கிறார். ஆனால் அவர் ஒன்றைப் பொறுக்குவதற்குள் மற்றவை ஈன்றுகொண்டே இருக்குமே? எஞ்சியவற்றுக்குத் தீனி போடாமல் விட்டாலொழிய அந்த எண் வராது. ஸ்பாக் எதையெல்லாம் கணக்கில் சேர்த்திருப்பார் என்று கேட்டுவிட்டு, காகிதத்தை நடுவில் வையுங்கள்.